செட்டிநாட்டு வீட்டில் நெட் இழுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பல தெருக்களில் இப்போது வீட்டு வாசல் வரை ஃபைபர் வந்துவிட்டது. ஆனாலும் "நெட் இழுக்குது" என்ற புலம்பல் குறையவில்லை. திட்டு முழுக்க கம்பெனிக்காரருக்குத்தான் போகிறது. பாதி நேரம் அவர் மேல் தப்பே இருக்காது. முகப்பில் ரூட்டர் இருக்கும், மூன்றாம் கட்டில் ஆள் இருப்பார், நடுவில் நாலைந்து பழைய சுவர் நிற்கும். இந்தப் பக்க வீடுகளில் வரும் சிக்கல்களை மனதில் வைத்தே கீழே உள்ள பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

நெட் மெதுவாக இருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பது?

கோளாறு தெருவிலா, வீட்டுக்குள்ளா என்று பாருங்கள். அது தெரியாமல் ரூட்டரை மாற்றுவதும் பிளானை ஏற்றுவதும் காசுக்குப் பிடித்த கேடு.

ஒரு லேப்டாப்பை லேன் கேபிள் வழியாக ரூட்டரில் நேராகச் செருகுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு வேகச் சோதனை செய்யுங்கள். லேப்டாப் இல்லையென்றால் போனை ரூட்டருக்கு எதிரே நாலடிக்குள் வைத்து, 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்துப் பாருங்கள். அப்புறம் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் போய் அதே சோதனை. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு) பிளானில் ரூட்டர் பக்கத்தில் 95, அடுப்படியில் 4 என்றால் கம்பெனிக்குப் போன் போட்டுப் பயனில்லை. அவர்கள் தர வேண்டியதைத் தந்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் 4 என்றால் லைன், பிளான், ரூட்டர் இந்த மூன்றில் ஒன்று.

சோதனை நடக்கும்போது வீட்டில் வேறு யாரும் டிவியில் படமோ, போனில் அப்டேட்டோ ஓட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடியில் பேரன் கேம் இறக்கிக்கொண்டிருந்தால் கீழே வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

100 எம்பிபிஎஸ் பிளான் போட்டேன். ஃபைல் இறக்கும்போது 12 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. கம்பெனி சொல்லும் 100 என்பது மெகாபிட் கணக்கு. ஃபைல் இறங்கும்போது காட்டுவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆக 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. நீங்கள் பார்ப்பது முழு வேகம்தான்.

வேறொரு விஷயத்தைக் கவனியுங்கள். 200 அல்லது 300 பிளான் போட்டும் கேபிளில் சோதித்தால் 94, 95-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறதா? அப்படியென்றால் ரூட்டரின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம், அல்லது கேபிளுக்குள் உள்ள 8 கம்பிகளில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம். 1000-க்கு 8 கம்பியும் வேண்டும், 100-க்கு 4 போதும். மீதி 4-ல் ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு அறாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

முகப்பில் பறக்கிறது, அடுப்படியில் வாட்ஸ்அப் படம்கூட வரவில்லை. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

லைன்காரர் எப்போதும் கேபிளை எந்தத் தெருவிலிருந்து கொண்டுவருகிறாரோ அந்தப் பக்க முதல் அறையில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அதுதான் சுலபம். ஆனால் நம் ஊர்ப் பழைய வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது. முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். செங்கலும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய தடித்த சுவர்கள். வைஃபை அலை ஒவ்வொரு சுவரைக் கடக்கும்போதும் பலம் இழக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வேகம் அதிகம், ஆனால் சுவரில் சீக்கிரம் தோற்கும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சற்று ஊடுருவும். இரண்டு சுவருக்கு அப்பால் 5-ஐ நம்ப முடியாது.

சுவரைவிடப் பெரிய எதிரி உலோகம். அலை அதில் பட்டுத் திரும்பிவிடும். முகப்பில் மாட்டியிருக்கும் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடியின் பின்னால் இருப்பது உலோகப் பூச்சு. அந்தக் கண்ணாடிக்குப் பின்பக்கச் சுவரில் ரூட்டரை மாட்டினால் ஒரு பக்கமே அடைபட்டுப் போகும். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த இரும்பு உத்தரங்கள், கனத்த இரும்புப் பெட்டி, எல்லாம் இதே கதைதான். சீர் சாமான் அறையைச் சொல்லவே வேண்டாம். கூரை வரை அடுக்கிய எவர்சில்வரும் வெங்கலமும் பித்தளையும் அலைக்கு மதில்தான். ரூட்டருக்கும் உங்களுக்கும் நடுவில் அந்த அறை இருந்தால் எந்தப் பிளான் போட்டாலும் ஆகாது. தேக்குத் தூண் மட்டும் பாவம், அது பெரிதாக மறைப்பதில்லை.

நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. வளவு திறந்த வெளி. அங்கே அலையைத் தடுக்க எதுவும் இல்லை. ரூட்டரை முகப்பு அறைக்குள்ளிருந்து எடுத்து, வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் ஆள் உயரத்துக்கு மேல், சாரல் படாத இடத்தில் வைத்துப் பாருங்கள். வளவைப் பார்த்துத் திறக்கும் எல்லா அறைக்கும் ஒரே சுவரில், அல்லது வெறும் கதவில் போய்ச் சேர்ந்துவிடும். பல வீடுகளில் இந்த இடமாற்றமே போதும். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. லைன்காரரிடம் கேபிளைப் பத்துப் பதினைந்து மீட்டர் உள்ளே இழுத்துத் தரச் சொல்லுங்கள். முணுமுணுப்பார், செய்வார்.

ரிப்பீட்டர் வாங்கலாமா, மெஷ் வாங்கலாமா?

விலை குறைந்த ரிப்பீட்டர் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ விழும். அதைவிட, எல்லாரும் அதைச் சிக்னலே வராத இடத்தில் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். தனக்கே கிடைக்காததை அது எங்கிருந்து கொடுக்கும்? வைப்பதானால் பாதி வழியில், சிக்னல் நன்றாக வரும் இடத்தில் வையுங்கள்.

மெஷ், அதாவது பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடும் முறை, அதைவிட மேல். ஆனால் கேபிள் இழுக்காவிட்டால் அதன் பெட்டிகளும் ஒன்றோடு ஒன்று காற்றில்தான் பேசுகின்றன. இங்குள்ள சுவர்களுக்கு அதுவும் திணறும்.

சிறந்த வழி பழைய வழிதான். லேன் கேபிள் ஒன்றை இரண்டாம் கட்டு வரை இழுத்து, அந்த முனையில் இன்னொரு ரூட்டரையோ மெஷ் பெட்டியையோ மாட்டுவது. கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். இரு தெரு வீட்டுக்கும் தாராளம். சுவரைத் துளைக்க மனம் வராது, வரவும் கூடாது. வழவழவென்று பூசிய அந்தச் சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் அதே மாதிரி பூச இன்று கொத்தனார் கிடைப்பது கஷ்டம். துளைக்காமலே போகலாம். வளவுத் தாழ்வாரத்தின் உத்தரத்தை ஒட்டி, ஏற்கெனவே கரண்ட் ஒயர் போகும் ஓட்டை வழியாக, கதவு நிலைக்கு மேலுள்ள சாளரம் வழியாக. வெயிலும் மழையும் படும் இடத்தில் வெளிப்புறத்துக்கென்று வரும் கறுப்பு உறைக் கேபிளே போடுங்கள். கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாமல் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் என்ற முறையில் வைக்கச் சொல்ல மறக்காதீர்கள். இல்லையென்றால் வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் உருவாகி, முன்கட்டில் இருக்கும் பிரின்டர் பின்கட்டில் இருக்கும் போனுக்குத் தெரியாமல் போகும்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. என்ன செய்ய?

எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை என்று பொருள். பத்து தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் வராது. பெட்டியின் பின்னால் செருகியிருக்கும் மெல்லிய கேபிள் கழன்றிருக்கிறதா, கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, யாராவது ஆணியில் இறுக்கி மடித்து மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடித்தால் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் புகார் கொடுப்பது தவிர வழியில்லை.

கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். முனையை விரலால் துடைக்கவும் வேண்டாம். ஒரு தூசியே சிக்னலைக் குறைக்கப் போதும். பச்சை நிற முனையை நீல நிற இடத்தில் செருகுவதும் தப்பு. இரண்டின் வெட்டும் வேறு, பொருந்தாது.

சிவப்பு எரியாமலே அடிக்கடி துண்டித்தால், பெட்டியின் அமைப்புப் பக்கத்தைப் பாருங்கள். உள்ளே வரும் ஒளியின் அளவு அங்கே டிபிஎம் என்ற கணக்கில் இருக்கும். -15 முதல் -25 வரை நல்லது. -27-க்குக் கீழே, அதாவது -28, -29 என்று போனால் அறுந்து அறுந்துதான் வரும். 3 எண் குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். லைன்காரரிடம் "ஒளி மைனஸ் 28 காட்டுது அண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். "நெட் வரலை" என்று சொல்வதைவிட வேகமாக ஆள் வருவார்.

மழை பெய்தால் நெட் போய்விடுகிறது. ஃபைபருக்கு மழை ஆகாதா?

ஃபைபருக்கு மழையால் ஒன்றும் ஆகாது. இணைப்பு போட்ட இடத்துக்குத்தான் ஆகாது. கம்பத்தில் தொங்கும் ஜாயின்ட் பெட்டியின் மூடி சரியாக மூடாமல் தண்ணீர் இறங்குவதுதான் பல இடங்களில் காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கிளை விழுவதும் உண்டு. மழையில்லாத நாளிலும் அணில் கடிக்கும், வைக்கோல் ஏற்றிய லாரி தாழ்வாகத் தொங்கும் கேபிளை இழுத்துக்கொண்டு போகும். தேர் ஓடும் தெருவில் ஒயர்களை அவிழ்த்து மறுபடி கட்டும்போது உங்கள் கேபிள் மட்டும் சரியாகக் கட்டப்படாமல் விட்டுப்போவதும் நடக்கும். உங்கள் வீட்டுக்கு வரும் கேபிள் எந்தக் கம்பத்திலிருந்து வருகிறது என்று ஒருமுறை வெளியே வந்து நிமிர்ந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் சொல்லும்போது உதவும்.

இடி வேறு விஷயம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் கரண்ட் லைன் வழியாக அடாப்டருக்கும், வீட்டைச் சுற்றி ஓடும் செம்பு லேன் கேபிள் வழியாகப் போர்ட்டுக்கும் அடி வரும். இடி கேட்கத் தொடங்கியதும் அடாப்டரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போது நெட் இரண்டு நிமிடம் போய்விடுகிறதே?

இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தில் ரூட்டர் அணைந்து மறுபடி எழுகிறது. ரூட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் விற்கிறார்கள். அடாப்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில் மாட்டுவது. வாங்கும் முன் உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஓஎன்டி பெட்டி (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) தனி, ரூட்டர் தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வாங்கிவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறையப் பேர்.

இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் இழுக்கிறது.

ரூட்டரில் கேபிளைச் செருகிக் காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒரு வாரம் சோதித்து எழுதி வையுங்கள். காலையில் முழு வேகம், இரவில் கால் வேகம் என்றால் அது நெரிசல். வீட்டு ஃபைபரில் பெரும்பாலும் ஜிபான் என்ற முறைதான். அதில் ஒரு இழை 32 அல்லது 64 வீடு வரை பிரியும். கீழே வரும் சுமார் 2.5 ஜிகாபிட்டை அத்தனை வீடும் பங்கு போட்டுக்கொள்ளும். சாதாரணமாக இது தாராளம். இழுபறி வருவது உள்ளூர் ஆபரேட்டர் மேலிருந்து வாங்கும் மொத்த அளவு போதாதபோதுதான். அதை அவர்தான் கூட்ட வேண்டும். நீங்கள் பிளானை ஏற்றினால் ஒரு மண்ணும் மாறாது. ஒரு வாரக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள், சரியாகவில்லையென்றால் ஆளை மாற்றுங்கள்.

மாதக் கடைசியில் மட்டும், நாள் முழுக்க மெதுவாக இருந்தால் அது நெரிசல் இல்லை. பிளானில் சொன்ன ஜிபி தீர்ந்து வேகத்தைக் குறைத்திருப்பார்கள். செயலியில் பாருங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு பேசினால் முகம் உறைந்துவிடுகிறது. இங்கே படம் நன்றாக ஓடுகிறதே?

படம் பார்ப்பது ஒருவழி. கொஞ்சம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டும், நடுவில் தடங்கல் வந்தாலும் தெரியாது. வீடியோ கால் இருவழி, அதில் சேமித்து வைக்க நேரமில்லை. அதனால் அப்லோடு வேகத்தையும் தாமதத்தையும் பாருங்கள். சோதனையில் பிங் என்று வருவதுதான் தாமதம். ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரம்.

தூரத்துக்கு ஒரு நியாயமான தாமதம் உண்டு. ஃபைபருக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிளின் நீளம் 3,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். போய்த் திரும்ப 30 மில்லிநொடிதான், பேச்சில் தெரியாது. அமெரிக்கா என்றால் 200-ஐத் தாண்டும். ஒருவர் பேசி முடித்ததும் சற்றுப் பொறுத்துப் பேசினால் போதும். ஆக, முகம் உறைவதற்குக் காரணம் கடல் இல்லை. வீட்டில் யாராவது போனிலிருந்து கல்யாண வீடியோவை மேலே ஏற்றிக்கொண்டிருப்பார்கள், அல்லது சிசிடிவி நாலு கேமராவையும் முழுத் தரத்தில் அனுப்பிக்கொண்டிருக்கும், அல்லது ஆயா (பாட்டி) வைஃபை எட்டாத பின்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். ரூட்டரில் க்யூஓஎஸ் என்ற வசதி இருந்தால் வீடியோ கால்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். இல்லையென்றால் பேசும் நேரத்தில் மற்ற அப்லோடுகளை நிறுத்துங்கள், ஆயாவை வளவுக்கு வரச் சொல்லுங்கள்.

ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது. கேமராவைச் சென்னையிலிருந்து பார்த்தால் ஆஃப்லைன் என்கிறது.

பூட்டிய வீடுகள் அதிகமுள்ள நம் பக்கத்துக்கே உரிய தலைவலி. முதல் காரணம் வெட்கப்படும் அளவுக்குச் சாதாரணம்: ரீசார்ஜ் முடிந்திருக்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ மொத்தமாகக் கட்டிவிடுங்கள். இரண்டாவது, கரண்ட் போய் வந்தபின் ரூட்டர் சரியாக எழாமல் தொங்கிக் கிடப்பது. ஒரு டைமர் பிளக் வாங்கி, தினமும் விடிகாலையில் 5 நிமிடம் அணைத்து எழும்படி வைத்துவிட்டால் வீடு பார்த்துக்கொள்பவரை இதற்காகக் கூப்பிட வேண்டியதில்லை. டைமர் பிளக் என்று சொன்னது வைஃபையில் ஓடாத, வெறும் கடிகார வகையை. வைஃபையை நம்பும் பிளக், வைஃபை போனபின் எப்படி வேலை செய்யும்?

மூன்றாவது சற்று நுட்பம். பல கம்பெனிகள் இப்போது வீட்டுக்குத் தனி ஐபி முகவரி (இணையத்தில் அந்த வீட்டைக் காட்டும் எண்) தருவதில்லை. பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. முன்பு ரூட்டரில் போர்ட் திறந்து (வெளியிலிருந்து கேமராவுக்கு வழி விட்டு) நேராகப் பார்த்தவர்களுக்குக் கம்பெனி மாறியதும் அது நின்றுபோகும். கேமரா தயாரிப்பாளரின் கிளவுட் செயலி வழியாகப் பார்க்கலாம், இல்லையென்றால் கம்பெனியிடம் நிலையான ஐபி கேட்டுக் கூடுதல் பணம் கட்டலாம். போர்ட் திறந்து வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எப்படிப் பார்த்தாலும் கேமராவோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடாதீர்கள். காலியாகக் கிடக்கும் வீட்டைக் கண்டவரும் பார்க்கும்படி ஆகிவிடும்.

படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு) கல்யாணத்துக்கும் எல்லாரும் கூடினால் நெட் படுத்துவிடுகிறது.

ஐம்பது அறுபது போனை ஒரு சாதாரண ரூட்டர் தாங்காது. வேகம் இருந்தும் ரூட்டர் திணறும். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் விருந்தினருக்கென்று தனி வைஃபை பெயர் வைத்து அதற்கு வேக வரம்பு போடுங்கள். பெரும்பாலான ரூட்டர்களில் விருந்தினர் வைஃபை இருக்கிறது. கல்யாணத்தை நேரலையில் அனுப்புபவருக்கு வைஃபை கொடுக்கவே வேண்டாம். மேடை வரை லேன் கேபிள் இழுத்துக் கொடுங்கள். 1080 தரத்தில் அனுப்ப 5 எம்பிபிஎஸ் சுற்றி அப்லோடு வேண்டும், அது விட்டுவிடாமல் தொடர்ந்து வேண்டும்.

பங்காளிகள் ஒரே இணைப்பைப் பகிர்வது தனி விவகாரம். யார் பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவர்தான் அதில் நடப்பதற்குப் பொறுப்பு. செலவைப் பகிர்வதைவிட, இரண்டு வீட்டார் ஆளுக்கொரு கம்பெனி இணைப்பு வைத்துக்கொண்டால் ஒன்று போகும்போது இன்னொன்று கைகொடுக்கும்.

சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை, வாட்ஸ்அப் மட்டும் வேலை செய்கிறது.

அது டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) கோளாறாக இருக்கலாம். ரூட்டரில் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். இதனால் வேகம் ஏறாது, திறக்காதது திறக்கும்.

கம்பெனிக்காரர் "நாளைக்கு வர்றோம்" என்றே சொல்கிறார். அடுத்து என்ன?

லைன்காரரின் சொந்த நம்பருக்கு வாட்ஸ்அப் அனுப்புவது புகார் ஆகாது. கம்பெனியின் புகார் எண்ணுக்குப் பேசியோ செயலியிலோ பதிந்து, டாக்கெட் எண்ணை (புகார் பதிவு எண்) வாங்குங்கள். அந்த எண் இல்லையென்றால் நீங்கள் புகாரே கொடுக்கவில்லை என்றுதான் கணக்கு. குறித்த நாளில் தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், காசு கிடையாது. டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2012-ல் கொண்டுவந்த விதிப்படி 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே நேராக எழுதிப் பயனில்லை, தனி ஆள் புகாரை அது விசாரிப்பதில்லை. அதற்கு மேலும் போக நினைத்தால் மத்திய அரசின் சிபிகிராம்ஸ் குறைதீர் தளத்தில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்து எழுதலாம். எழுதும்போது டாக்கெட் எண்ணும், காலை–இரவு வேகக் கணக்கும், சிவப்பு விளக்கின் படமும் சேர்த்தால் எடுபடும்.

ரூட்டரை இரவில் அணைத்து வைக்கலாமா?

வைக்கலாம். சிசிடிவி இருந்தால் வேண்டாம்.